புல்வெட்டும் யந்திரத்தில் கைவைக்குமுன்

நெசவுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். புல்வெட்டும் யந்திரமே ஜவுளி ஆலையிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. அங்கே நெய்யப்பட்ட கம்பளித் துணியின் மேற்புறத்தில் எழும் பிசிரைச் சீராகக் கத்தரிப்பதற்கு, உருளையொன்றில் சுருளாகக் கத்திகளைப் பொருத்திய ஒரு யந்திரத்தை ஆலைகளில் உபயோகித்து வந்தார்கள். எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் யந்திர நிபுணர் அதைக் கண்டு, துணியின் பிசிரைச் சீவுகின்ற கத்தி தரையின் புல்லையும் ஏன் சீவக்கூடாது என்று யோசித்தார். அந்த யோசனைக்கு 1830ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். 19 அங்குல அகலத்துக்குப் புல்லை வெட்டும்படி அமைந்தது அவருடைய யந்திரம். கிராமாந்தரத்துக் கனவான்கள் இதைத் தாமே தள்ளினால் நல்ல தேகப்பயிற்சியாகவும் இருக்கும் என்று அவர் தம் பத்திரத்திலேயே எழுதிவைத்தார். கனவான்கள் எத்தனை பேர் தள்ளினார்களோ, நாம் அறியோம்.

பட்டிங்கின் யந்திரம் கத்தரிக்கோலைப் போல வேலை செய்வது. சுழலும் கத்திக்கும் அடியில் அசையாமலிருக்கும் தகட்டுக்கும் நடுவே புல் அகப்பட்டு அறுபடும். இன்று நம் சங்கங்கள் வாங்கி வாடகைக்கு விடுகின்ற பெட்ரோல் யந்திரங்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இவற்றில் ஒரே ஒரு தகடு, கவிழ்த்த தட்டுப்போன்ற இரும்புக்கூட்டின் அடியில், மின்விசிறியைப்போல் படுக்கைவாட்டில் சுற்றுகிறது. எதிரே தாங்கிக்கொள்ள வேறொரு கத்தி கிடையாது. வேகம் ஒன்றினாலேயே புல் அறுபடுகிறது. வேகம் குறைந்தால் புல் மடிந்துபோகுமே தவிர அறுபடாது. ஆகையால் இந்த யந்திரத்தை மெதுவாக ஓட்டி ஆபத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வழியில்லை.

அந்த வேகம் எவ்வளவு என்பதை அங்கத்தினர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நலம். தகட்டின் நீளம் 50 சென்டிமீட்டர் என்றும், நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் தகட்டின் முனை கடக்கும் தூரம் 157 சென்டிமீட்டர். விநாடிக்கு 50 சுற்று. ஆகவே விநாடிக்கு 78 மீட்டருக்குமேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நம் நாட்டில் ஓடும் எந்த ரயிலுக்கும் இந்த வேகம் இல்லை. கூட்டுக்குள் மறைந்திருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காதுக்குக் கேட்பதும் எஞ்சினின் சத்தமே.

இப்படிச் சுழலும் தகட்டில் சிறு கல்லோ, உடைந்த கொட்டாங்கச்சியோ, வேலியிலிருந்து விழுந்த கம்பித்துண்டோ பட்டால், புல் வெளியேறுகின்ற வாயின் வழியாக அது குண்டுபோலப் பாயும். அந்த வாய்க்கு ஒரு மடிப்பு மூடி உண்டு. பாயும் பொருளைத் தரையை நோக்கித் திருப்புவதே அதன் வேலை. புல் தாராளமாக வெளியேறட்டும் என்று அந்த மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிடுகிறவர்களைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். தென்னந்தோப்பில் வேலை தொடங்குமுன் ஒருவர் தோப்பு முழுவதும் நடந்து மட்டை, குரும்பை, கல், கம்பி ஆகியவற்றைப் பொறுக்கிவிடவேண்டும். யந்திரம் ஓடும்போது ஐம்பதடிக்குள் வேறு யாரும் நிற்கலாகாது. குழந்தைகளும் ஆடுமாடுகளும் சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வரும். வந்தால் யந்திரத்தை நிறுத்துவதே முறை, கையசைத்து விரட்டுவது போதாது.

ஆயினும் நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது கல்லினால் அன்று, நூலினால்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கிராமச் சங்கத்துக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். நெசவாளர்களும் தென்னை விவசாயிகளும் சேர்ந்து நடத்தும் சங்கம். அங்கே புல்வெட்டும் யந்திரத்தை ஓட்டி வந்தவர் கைத்தறி நெசவாளி. தறியில் வேலை குறைந்த மாதங்களில் யந்திரத்தை ஓட்டிச் சம்பாதித்து வந்தார். நாம் செல்வதற்குப் பத்து நாள் முன்பு, ஈரப்புல் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வாயின் வழியாகக் கையை விட்டுப் புல்லை இழுத்திருக்கிறார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதற்கணுவோடு போய்விட்டன. அறுந்த இழையை முடிவதற்கு எந்த விரல்கள் வேண்டுமோ, அந்த விரல்கள்.

இத்தகைய யந்திரங்களின் கைப்பிடியில் ஒரு கம்பி இருக்கும். கைப்பிடியோடு சேர்த்து அதையும் அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் யந்திரம் ஓடும். கையை எடுத்தால் எஞ்சினோ தகடோ நின்றுபோகும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் விரல் தகட்டுக்குப் போகமுடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் தத்துவம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்காகச் செய்யப்படும், பின்னால் நடந்து ஓட்டும் யந்திரங்களில், பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் தகடு நின்றாகவேண்டும் என்று 1982ஆம் வருஷத்தின் நடுவிலிருந்து விதி செய்திருக்கிறார்கள். அவ்விதி வீட்டு யந்திரங்களுக்கே உரியது. வாடகைக்கு ஓடும் பெரிய யந்திரங்களில் தகடு நிற்க இன்னும் நேரமாகலாம். மூன்று விநாடிதான் என்றாலும், பிடியை விட்டவர் குனிந்து கையை நீட்டுவதற்கு இரண்டு விநாடி போதும் என்பதை மறக்கலாகாது.

அந்தச் சங்கத்து யந்திரத்தில் இந்தக் கம்பி கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பாவு அறுத்தபின் மிஞ்சிய நூலை எட்டிழையாக முறுக்கி, நெசவாளிக்கே உரிய நேர்த்தியோடு போட்ட முடிச்சு. அவிழ்க்கமுடியாமல் பேனாக்கத்தியால் அறுக்க வேண்டியதாயிற்று.

"ஏன் கட்டினீர்கள்?" என்று அவரைக் கேட்டோம். சற்று நேரம் அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, "கம்பியை விட்டால் எஞ்சின் நின்றுவிடுகிறது ஐயா. மறுபடி கயிறு இழுத்துக் கிளப்ப நாலைந்து நிமிஷம் ஆகிறது. தோப்புக்காரர் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். மணிக்குத்தானே வாடகை? நின்ற நேரத்துக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறார். என் கூலியும் ஓடின மணிக்குத்தான்" என்றார்.

விபத்துக்குக் காரணம் அஜாக்கிரதை என்று நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். அதை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. மணிக்கணக்கில் வாடகையும் ஓடின மணிக்குக் கூலியும் என்று தீர்மானித்தது சங்கம். அந்தத் தீர்மானமே முடிச்சுப்போடச் சொல்லிற்று. நம்முடைய தவறும் இதில் உண்டு. அந்தச் சங்கத்தின் கணக்குகளை அதற்குமுன் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். பெட்ரோல் செலவுக்கு ரசீது இருக்கிறதா, வாடகை வசூல் ரொக்கப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டோமேயன்றி, பத்தடி தூரத்தில் கிடங்கில் நின்ற யந்திரத்தைப் போய்ப் பார்த்தோமில்லை.

எனவே நாம் கூறிய முதல் யோசனை வாடகையைப் பற்றியது. தோப்புக்காரரிடம் சென்ட் கணக்கில் வாடகை வாங்குவது. ஓட்டுகிறவருக்கு நாள் சம்பளம் கொடுப்பது. யந்திரம் நின்றாலும் ஓடினாலும் தோப்புக்காரருக்கு ஒரே தொகை, ஓட்டுகிறவருக்கும் ஒரே கூலி. நின்ற நேரத்தின் நஷ்டம், ஏதேனும் இருப்பின், சங்கத்தைச் சேர்கிறது. காரியதரிசி ஆட்சேபித்தார். இடுப்பளவு புல் மண்டிய தோப்புக்கும் முழங்காலுக்குக் கீழே புல் வளர்ந்த தோப்புக்கும் ஒரே விகிதமா என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்விதான். முந்தின நாள் சங்கத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்து, புல்லை இரண்டு தரமாகப் பிரித்து எழுதிவிட்டு வருவதென்று முடிவாயிற்று. அப்படிப் போகிறவரே கல்லும் கம்பியும் கிடக்கும் இடங்களைக் குறித்துவரவும் முடிகிறது. இடுப்பளவு புல்லை முதலில் அரிவாளால் அறுத்துவிட்டுப் பிறகு யந்திரத்தை விடுவது நல்லது. அடைப்பில் பாதி அதனாலேயே குறையும். ஈரப்புல்லில் வேலையை ஒத்திப்போடுவதும் அப்படியே.

இனி, அடைப்பு நேர்ந்தால் அதை எடுக்கும் முறை. பிடியை விட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். தகடு முழுவதும் ஓய்கிற வரையில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதன்பின் ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் கம்பியைக் கழற்றி, தானே போய்த் தொடாதபடி ஒதுக்கிவைக்க வேண்டும். இதைப் பலர் வீண்வேலை என்று எண்ணுகிறார்கள். நின்ற எஞ்சினின் தகட்டைக் கையால் ஒரு சுற்றுத் திருப்புவது கயிறு இழுப்பதற்குச் சமானம்; சூடான எஞ்சின் அதிலேயே கிளம்பிவிடக்கூடும். மேலும் அடைத்த புல் விலகியவுடன், பெல்ட்டில் தங்கியிருந்த முறுக்கு விடுபட்டுத் தகடு திடீரென்று கால் சுற்று திரும்புவதும் உண்டு. ஆகவே பிளக் கம்பியைக் கழற்றிய பிறகும் புல்லைக் கையால் எடுக்கலாகாது. ஒரு முழ நீளக் கம்பு போதும். யந்திரத்தைச் சாய்க்க நேர்ந்தால் காற்றுவடிகட்டி இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லையேல் எண்ணெய் அதில் இறங்கிவிடும்.

தகட்டைப் பற்றி ஒன்று. சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் அதிகம் தேய்ந்துவிட்டால் யந்திரம் உதறும். நாளடைவில் நட்டு தளரும். நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால் கனமான பக்கம் இறங்கிக் காட்டிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் சற்றுத் தேய்க்கவேண்டும். கீறல் விட்ட தகட்டையும் வளைந்த தகட்டையும் பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்தோ நிமிர்த்தியோ மறுபடி மாட்டலாகாது. புதுத்தகட்டின் விலை ஒரு பெரிய விஷயமன்று.

சரிவான நிலத்தில், பின்னால் நடந்து ஓட்டும் யந்திரத்தைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டவேண்டும்; மேலும் கீழும் ஓட்டினால் வழுக்கியவுடன் கால் தகட்டுக்கடியில் போகும். மேலே உட்கார்ந்து ஓட்டும் யந்திரத்துக்கு இதற்கு நேர்மாறான விதி, குறுக்கே போனால் கவிழும். உட்கார்ந்து ஓட்டுவதற்கு 15 பாகைச் சரிவே எல்லை என்பது பல உற்பத்தியாளர்கள் வைத்த அளவு. பத்தடி தூரத்துக்கு 2 அடி 8 அங்குலம் ஏறினால் அந்த எல்லை வந்துவிட்டது. யந்திரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு பின்னால் நடப்பது எந்த நிலத்திலும் கூடாது. ரப்பர் செருப்போடு ஓட்டுவதும், கழுத்தில் துண்டு தொங்க ஓட்டுவதும் இன்றும் நடக்கின்றன. பூட்ஸ் வாங்கித் தரவேண்டியது சங்கத்தின் கடமை.

விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்குச் சத்தத்தைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், அதற்குமேல் மூன்று மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையவேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஸ்தாபனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரமே. பெட்ரோல் யந்திரங்கள் 90 டெசிபலைச் சுலபமாக எட்டுகின்றன. காதுமூடி அவசியம்.

நெசவாளர் சங்கங்களில் நாம் வற்புறுத்த வேண்டிய வேறொரு விஷயம் உண்டு. இடவசதி இல்லையென்று யந்திரத்தை நூல் கிடங்கில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். பக்கத்தில் சாயப் பட்டறை அடுப்பு எரிந்தால் அதைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பிவரும். நூல் பேல்களின் நடுவே அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. யந்திரத்துக்குத் தனிக்கொட்டகை போடவேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில் வைத்தே பெட்ரோல் ஊற்றவேண்டும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அந்தக் கிராமச் சங்கத்தில் இப்போது வாடகைப் பதிவேட்டில் புதிதாக இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். ஒன்று மடிப்பு மூடிக்கு, மற்றொன்று பிடிகம்பிக்கு. யந்திரம் வெளியே போகுமுன் அவ்விரண்டிலும் கையெழுத்திடுகின்ற பொறுப்பை, விரல் இழந்த நெசவாளியிடமே மாதச் சம்பளத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் நாம் போயிருந்தபோது அவர் ஒரு புதிய பையனுக்கு யந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினைக் கிளப்பி, கம்பியை விட்டுவிட்டு, "எண்ணு தம்பி" என்றார். பையன் ஐந்து வரை எண்ணினான். அந்த யந்திரத்தை அன்று வெளியே அனுப்பவில்லை. கட்டத்தில் கையெழுத்தும் இடவில்லை.