நோயாளியைப் பேணுவோம், அறிந்து பேணுவோம்



அகழ்ப்போரில் (ஹிஜ்ரி 5, கி.பி. 627) ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவருக்காகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்கவே அந்த ஏற்பாடு. காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. நலம் விசாரிப்பதோடு, அறிந்து செய்யும் பணிவிடையும் வேண்டும் என்பதை இதிலிருந்து விளங்குகிறோம்.

நமது ஆரணியில் பட்டுத் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. வீட்டில் ஒருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால் தறியும் நிற்கிறது. பணிவிடையும் வீட்டார் மீது விழுகிறது. பாசத்தில் நமக்குக் குறைவில்லை. ஆனால் உடல் இயங்கும் முறையை அறியாதபோது பாசமே தீங்காகிவிடுவதுண்டு.

முதலில் தோல். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் குதிகால், இடுப்பு, வால் எலும்புப் பகுதிகள் அழுந்தி, அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும். தோல் சிவந்து, பின்னர் அழுகிப் படுக்கைப்புண்ணாகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்குங்கள். சிவந்த இடத்தை எண்ணெய் தடவித் தேய்க்காதீர்கள். உணர்விழந்த காலில் சூடான ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவது அவருக்கே தெரியாது.

அடுத்தது சுவாசம். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் தொண்டையில் அருகருகே உள்ளன. படுத்த நிலையில் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக ஊட்டுங்கள். உண்டபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

சிறுநீர் அடர்நிறமாகவும் குறைவாகவும் போனால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். ஓய்விலிருக்கும் பெரியவரின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருப்பது இயல்பு. இதில் பெரும் மாற்றம் கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என ஸ்கேனில் தெரிந்தால், பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து தர இயலும். அந்நேரத்தைப் புறா இரத்தம் தேடுவதில் கழிப்பது வீண். இரத்தம் நஜீஸ் என்பதையும் மறவாதீர்கள்.

நோயாளியின் தொழுகையையும் கவனியுங்கள். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும் போதும்.

பணிவிடை முழுவதையும் மருமகள் தலையில் சுமத்துவது நீதியன்று. பெற்றோரைப் பேணும் கடமை முதலில் பிள்ளைகளுடையது; மருமகள் செய்வது அவரது உபகாரம். மகன்களே, இரவில் ஒருமுறை எழுந்து உங்கள் தந்தையைத் திருப்பிப் படுக்க வையுங்கள். உடை மாற்றும்போது திரையிட்டு அவரது மானத்தைக் காத்திடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பயன்பெறுங்கள்.

நம் வீட்டு நோயாளிகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அறிவோடும் பொறுமையோடும் நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.