சிவப்பு அட்டைப் புத்தகமும் சீன மாணவரும்

சீனாவில் ஒரு மாணவரின் ஆங்கிலத்தை அளக்க முதலில் எடுக்கும் கோல் சொல் எண்ணிக்கைதான். கல்லூரி நுழைவுக்கான காவ்காவோ தேர்வுக்கு 3,500 சொல், கல்லூரியில் எழுதும் சி.இ.டி. ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைக்குச் சுமார் 4,500, ஆறாம் நிலைக்கு அதற்கும் மேலே என்று பட்டியல் படிப்படியாக நீளும். அமெரிக்காவில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. எழுத நினைப்பவருக்குச் சிவப்பு அட்டை போட்ட தடித்த சொற்புத்தகம் காத்திருக்கும். பெய்ஜிங்கில் பயிற்சி வகுப்புகள் பெருகிய தொண்ணூறுகளில் பிரபலமான அதை மாணவர்கள் சிவப்புப் பொக்கிஷம் என்றே அழைத்தார்கள். இவ்வளவு பாடுபடுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குறை பட்டியலில் இருக்கிறது. உயர்நிலை ஆங்கிலச் சொல் ஒரு சீனருக்கு ஏன் கடினமாகிறது என்பதைப் பட்டியல் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் காரணம் அவருடைய தாய்மொழியின் அமைப்புக்குள் இருக்கிறது.

ஸ்பானிய மொழி பேசுகிறவர் ஆங்கிலத்தின் கனமான சொற்களைச் சந்திக்கும்போது பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். இரண்டு மொழிகளும் லத்தீனிலிருந்து வாரி எடுத்தவை என்பதால், எளிய சொல்லைவிட அறிவியல் சொல்லே அவருக்கு எளிதாகப்படும். ஜப்பானியரிடம்கூட ஆங்கிலத்திலிருந்து ஒலியோடு எடுத்துக்கொண்ட கடன்சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சீன மொழியோ வெளிச்சொல்லை ஒலியோடு ஏற்பதைவிடப் பொருளைப் பிரித்துத் தன் எழுத்துகளால் புதிதாகக் கட்டிக்கொள்வதையே பெரும்பாலும் விரும்புகிறது. மருத்துவச் சொற்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஃபெய் என்றால் நுரையீரல், யென் என்றால் அழற்சி. நிமோனியா அவர்களுக்கு ஃபெய்யென். கல்லீரல் அழற்சி கான்யென், சிறுநீரக அழற்சி ஷென்யென், மூட்டு அழற்சிக்கும் கடைசியில் வருவது அதே யென்தான். நீரிழிவை 'சர்க்கரை, சிறுநீர், நோய்' என்ற மூன்று எழுத்துகளில் சொல்லிவிடுவார்கள்; ரத்தப் புற்றுநோய்களில் ஒன்றான லுக்கேமியா 'வெள்ளை ரத்த நோய்'. பள்ளிப் பிள்ளை முதல்முறையாகக் கேட்டாலும் ஏறக்குறைய என்ன நோய் என்று ஊகித்துவிடும். ஆங்கிலத்தில் கிட்னி என்ற சொல்லை மட்டும் அறிந்தவருக்கு நெஃப்ரைட்டிஸைக் கண்டால் எந்தப் பிடியும் கிடைக்காது. இறைச்சிக் கடையிலேயே இந்த வேறுபாடு தொடங்கிவிடுகிறது. பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்று சீனத்தில் விலங்கின் பெயரோடு இறைச்சி என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும். ஆங்கிலமோ போர்க், பீஃப், மட்டன் என்று மூன்று புதிய சொற்களைக் கேட்கிறது.

எண்களும் இதையே சொல்கின்றன. புழக்கத்தில் உள்ள 3,500 எழுத்துகளை அறிந்தவருக்கு அன்றாடச் சீன எழுத்தில் 99 சதவீதத்துக்கு மேல் தெரிந்த எழுத்துகளாகவே இருக்கும். எழுத்துகள் தெரிவதும் சொல் முழுதாகப் புரிவதும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் புதுச் சொல்லின் பாதி பொருள் கைக்கு வந்துவிடுகிறது. அகராதி தேடாமல் ஒரு ஆங்கில நாவலையோ நாளிதழையோ அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்த நிலையில் படிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களையும் சேர்த்தே ஒரு குடும்பம் என்கிறோம். சி.இ.டி. நான்காம் நிலையைத் தாண்டிய மாணவர் இந்தத் தூரத்தில் ஏறக்குறைய பாதியில் நிற்கிறார். மீதிப் பாதியில் இருப்பவை அரிதாகக் கண்ணில் படும் சொற்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று சட்டெனக் காட்டிக்கொடுக்காத சொற்கள்.

இந்த இடத்தில்தான் சீன மாணவர் தான் சின்ன வயதில் எழுத்துப் பழகிய வழிக்கே திரும்புகிறார். ஒரு சீன எழுத்தை நூறு தடவை எழுதிக் கைக்குக் கொண்டுவந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆங்கிலச் சொல்லையும் அப்படியே எழுதிப் பழகுகிறார். கொரிய மாணவர்களையும் சீன மாணவர்களையும் ஆங்கிலச் சொற்களை வைத்து ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒலியெழுத்தில் வளர்ந்த கொரியர்கள் ஓசையை அதிகம் நம்புகிறார்கள், சீனர்கள் எழுத்தின் தோற்றத்தை அதிகம் நம்புகிறார்கள் என்று காட்டியது. பழக்கம் இயல்பானதுதான், ஆனால் பலன்? பெய்ஜிங்கின் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக எடுக்காத இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 850 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1996இல் வெளிவந்தது. எந்தெந்த உத்தியைக் கையாண்டவர்களுக்குச் சொல்வளமும் மொழித்திறனும் கூடியிருக்கின்றன என்று அதில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மோசமான அறிகுறியாக வந்தது, சொல்லைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதும் பழக்கம். அதை அதிகம் நம்பியவர்களுக்குச் சொல்வளமும் குறைவு, மொழித்திறனும் குறைவு. சூழலோடு சேர்த்துச் சொல்லை மனத்தில் பதித்தவர்கள், சொல் எப்படி உருவானது என்று கவனித்தவர்கள், அகராதியைத் திறமையாகப் பயன்படுத்தியவர்கள், கற்ற சொல்லை உடனே பயன்படுத்திப் பார்த்தவர்கள் எல்லாம் முன்னே நின்றார்கள். எழுதி எழுதிப் பழகியதால்தான் பின்தங்கினார்கள் என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. பின்தங்கியவர்கள் வேறு வழி தெரியாமல் அதைப் பற்றிக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் அந்த வழி அவர்களைக் கரை சேர்க்கவில்லை.

பட்டியலின் பெரிய தீங்கு மறதி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, பட்டியலில் கற்று மறக்காமல் இருக்கும் சொற்கள். பட்டியலில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு வரி சீன விளக்கம் இருக்கும். மாணவர் உண்மையில் கற்பது அந்தச் சீனச் சொல்லுக்கு இன்னொரு ஒலிவடிவம் இருக்கிறது என்பதைத்தான். பிராப்ளம், கொஸ்டின் என்ற இரண்டும் ஆங்கிலேயருக்கு வெவ்வேறு. சீனத்தில் இரண்டுக்கும் வென்தி என்ற ஒரே சொல். இப்படிச் சீனத்தில் ஒரே சொல்லாக அமையும் ஆங்கில இணைகளையும் அப்படி அமையாத இணைகளையும் கலந்து கொடுத்து, இவை பொருளில் தொடர்புடையவையா என்று கேட்ட சோதனை ஒன்றின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. பங்கேற்ற சீனர்கள் நல்ல ஆங்கிலத் தேர்ச்சி உள்ளவர்கள்; சோதனையில் ஒரு சீன எழுத்துகூட இல்லை. அப்படியிருந்தும் சீனத்தில் ஒரே சொல்லாகும் இணைகளை அவர்கள் அதிக நெருக்கமானவையாகக் கருதினார்கள், விரைவாகவும் விடை சொன்னார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் அந்த வேறுபாடே இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் சீனப் பொருள் அப்படியே குடியிருக்கிறது, ஆண்டுகள் போனாலும் இடத்தைக் காலி செய்வதில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

எளிய சொற்களில் இது சிறு பிழையோடு போய்விடும். விளக்கைப் போடு என்பதற்கு விளக்கைத் திற என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள், கேட்பவர் புரிந்துகொள்வார். உயர்நிலைச் சொற்களில் பிழை சொல்லின் மதிப்பையே மாற்றிவிடுகிறது. ஆம்பிஷன் என்ற சொல்லுக்குச் சீனத்தில் இரண்டு முகம். யெஷின் என்றால் பேராசையும் ஆபத்தும் கலந்த வேட்கை. ஷியோங்ஷின் என்றால் பாராட்டத்தக்க உயர்ந்த குறிக்கோள். பட்டியலில் முதலில் அச்சான விளக்கம் எதுவோ அதைப் பொறுத்தே, தன் மேலாளரை அந்தச் சொல்லால் வர்ணிக்கும்போது ஒருவர் புகழ்கிறாரா பழிக்கிறாரா என்பது முடிவாகிறது. எந்த வினையோடு எந்தப் பெயர் சேரும், எது பேச்சுக்கு ஏற்றது, எது நீதிமன்ற ஆவணத்துக்கு ஏற்றது என்பவையெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்காதவை. அதனால்தான் பட்டியல் வழியாக வந்த கட்டுரைகளில் சாதாரணக் கருத்தின் மேல் பளுவான சொற்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 'சமூகத்தின் வளர்ச்சியோடு' என்ற அர்த்தத்தில் தொடங்கும் அதே முதல் வரி கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வருகிறது.

பட்டியலை ஆதரிப்பவர்கள், அட்டையில் எழுதி இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கும் முறை வேகமானது, ஆய்வுகளும் அதை ஏற்கின்றன என்கிறார்கள். முதல் இரண்டு மூவாயிரம் சொற்களுக்கு அது சரி. தேர்வு கேட்பதைத்தானே மாணவர் படிக்க முடியும் என்ற வாதத்துக்குத்தான் விரிவான பதில் தேவை. ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் கேட்கும் பகுதியும் சொல்லுக்குச் சொல் உறவு கண்டுபிடிக்கும் பகுதியும் 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டன. தனிச்சொல்லைத் தனியே அறிந்தால் மதிப்பெண் என்ற நிலை அத்தோடு போயிற்று. வாக்கியத்தையும் பத்தியையும் படித்துப் பொருத்தமான சொல்லைத் தேர வேண்டும் என்றாகிவிட்டது. தேர்வு மாறிய பிறகும் தயாரிப்பு பழைய தடத்திலேயே போகிறது. ஆகவே பழியைத் தேர்வின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. படித்தே சொல் கற்க வேண்டுமென்றால் எத்தனை காலம் ஆகும்? அடிக்கடி வரும் சொற்களின் வரிசையில் ஒன்பதாவது ஆயிரத்தில் உள்ள சொல்லைப் பன்னிரண்டு முறையாவது சந்திக்கச் சுமார் 30 லட்சம் சொற்கள் படித்தாக வேண்டும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பொறியியல் மாணவரிடம் போய் இருபது முப்பது நாவல் படி என்றால் நடக்காது. ஆனால் எல்லாத் துறையையும் எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. ஒரே துறையில் தொடர்ந்து படித்தால் அந்தத் துறையின் அரிய சொல் அடிக்கடி வரும் சொல்லாகிவிடும். எந்தப் பாடமானாலும் திரும்பத் திரும்ப வரும் கல்விச் சொற்குடும்பங்கள் 570 என்று 2000ஆம் ஆண்டில் தொகுத்தார்கள். கல்விசார் எழுத்தில் சுமார் 10 சதவீதம் அவற்றுக்குள் அடங்குகிறது. அதோடு சீன மாணவருக்கு மட்டும் வாய்த்த ஒரு சாதகமும் இருக்கிறது. ஹெபட் என்ற கிரேக்க வேருக்கு நேர் கான், ஐட்டிஸ் என்பதற்கு நேர் யென். ஹெபடைட்டிஸும் கான்யென்னும் ஒரே வரிசையில் கட்டப்பட்ட சொற்கள். துண்டுகளைச் சேர்த்துச் சொல் கட்டும் கலையை அவர்கள் தாய்மொழியிலேயே ஆறு வயதிலிருந்து பழகியிருக்கிறார்கள். கிரேக்க, லத்தீன் வேர்கள் ஒரு இருநூறைப் படிக்கும் பக்கங்களிலேயே அடையாளம் காட்டிக் கற்பித்தால், சுவராக நின்ற சொற்கள் பலவற்றுக்குள் கதவு தெரியும். சீனாவில் வேர்ச்சொல் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. வருத்தம் என்னவென்றால், அவற்றையும் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள்.

கையில் செல்பேசி வந்த பிறகு இந்தப் போக்கு முற்றியிருக்கிறது. தினமும் இத்தனை சொல் என்று இலக்கு வைத்து, முடித்ததும் நண்பர்கள் பார்க்கப் பதிவிடும் பழக்கத்துக்குத் தாக்கா என்று பெயர். அலுவலகத்தில் வருகைப் பதிவு செய்வதற்கும் அதே சொல்தான். ஐம்பது சொல்லை முடித்த திருப்தியில் ஒரு பக்கம் படிக்க வேண்டிய அரை மணி நேரம் போய்விடுகிறது. ஆங்கிலப் பாடம் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கும் நாட்டில், ஒரு பிள்ளை பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்துவிட்டு, ஒரு முழு ஆங்கிலப் புத்தகத்தைத் தொடாமலே பட்டம் வாங்க வழி இருக்கிறது. பிறகு அவரே ஆராய்ச்சி மாணவராகிறார். நல்ல கண்டுபிடிப்பை ஆங்கிலத்தில் எழுதுகிறார். சொல்ல வந்ததைவிட அழுத்தமான சொல் விழுகிறது, தயக்கம் காட்ட வேண்டிய இடத்தில் உறுதி வருகிறது. மதிப்பிடுகிறவர் மொழியைப் பார்த்து அறிவை எடைபோட்டுவிடுகிறார். அந்த இழப்பு அவருக்கு மட்டும் நேர்வதில்லை, அவருடைய ஆய்வால் பயன்பெற வேண்டியவர்களுக்கும் நேர்கிறது.

மாற்றத்துக்கான முயற்சி இல்லாமல் இல்லை. ஜெஜியாங் மாநிலத்தில் 2016இல் காவ்காவோ ஆங்கிலத் தாளில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது. பாதியில் நிற்கும் கதை ஒன்றைக் கொடுத்து, அதைப் படித்து மேற்கொண்டு எழுதச் சொல்வார்கள்; 150 மதிப்பெண்ணில் அதற்கு 25. படிப்பையும் எழுத்தையும் ஒரே முடிச்சில் போடும் இந்தக் கேள்வி பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. நான் அறிந்தவரை சீனத் தேர்வு முறையில் சொல்லுக்கு உயிர் கொடுத்த கேள்வி இதுதான். ஆனால் இதற்கும் பட்டியல் வந்துவிட்டது. கோபம் வந்தால் எழுத வேண்டிய வாக்கியங்கள், அழுகைக்கு ஏற்ற வாக்கியங்கள், அந்தி வானத்தை வர்ணிக்கும் வாக்கியங்கள் என்று தலைப்பு வாரியாகத் தொகுத்து மனப்பாடம் செய்யக் கொடுக்கிறார்கள். இதை முறிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. கேள்வியோடு நில்லாமல் பள்ளி நேர அட்டவணைக்குள்ளேயே வாரம் இரண்டு வகுப்பைக் கதை படிக்க ஒதுக்க வேண்டும். புத்தகத்தை மாணவரின் நிலைக்கேற்பப் பள்ளியே கொடுக்க வேண்டும். அந்த வகுப்பில் சொல் எண்ணிக்கையும் கேட்கக் கூடாது, மதிப்பெண்ணும் போடக் கூடாது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று ஆசிரியர்கள் சொன்னால், எழுதி எழுதிப் பழகும் நேரத்திலிருந்து அந்த இரண்டு வகுப்பு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.