பம்பியின் துடிப்பும் பெற்றோல் மணமும்

நோயாளி வாய் திறக்குமுன் நாடி பேசிவிடும் என்பர் நம்மூர்ப் பரியாரிமார். மோட்டார் வண்டிக்கும் நாடி உண்டு என்று நான் சொன்னால், இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதருக்கு இது ஏன் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர் நகைக்கட்டும். பழைய மொறிஸ் மைனர் ஒன்றைப் பல்லாண்டுகளாக மட்டக்களப்பு வாவிக் கரையோரம் ஓட்டி வருபவன் நான். அவ்வண்டி எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. எரிபொருட் கோளாறு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. முதலில் ஒலியாக வருகிறது, அல்லது மணமாக வருகிறது. அவற்றைப் பொருட்படுத்தாதவர்க்கே நடுவழியில் நிற்பதும் தீப்பற்றுவதும் திடீரென்று நேர்ந்தன போலத் தோன்றுகின்றன.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இலங்கையில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் விரும்பி வாங்கிய வண்டி அது. அதன் உதிரிப்பாகங்கள் இந்நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான காலமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் தனியார் கார்களுக்கு மீளத் திறக்கப்பட்டது. எனினும் வரியோடு கூடிய விலை ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டும் கனியன்று. ஆதலின் இருப்பதைப் பேணுவதே எம்போன்றோர்க்கு வழி. பேணுவதற்கு முதலில் வேண்டுவது அதன் இயல்பை அறிதல்.

இவ்வண்டியின் பெற்றோல் தாங்கி பின்புறத்தில், டிக்கியின் அடியில் இருக்கிறது. பம்பியோ முன்புறத்தில், இயந்திரத்துக்குப் பின்னுள்ள சுவரிலே பொருத்தப்பட்டிருக்கிறது. இது மின்சாரத்தால் இயங்கும் எஸ்.யு. பம்பி, ஸ்கின்னர் சகோதரர் பெயரால் அமைந்த நிறுவனத்தின் ஆக்கம். உள்ளே ஒரு மென்றகடு. மின்காந்தம் அதனை இழுக்கும்போது பெற்றோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடிந்ததும், மெக்கானிக்குகள் ‘பொயின்ற்’ என்று சொல்லும் தொடுமுனைகள் பிரிந்து மின்சாரம் அறுகிறது. உடனே சுருள்வில் மென்றகட்டைத் திருப்பித் தள்ள, பெற்றோல் காபரேற்றருக்குச் செல்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ‘டிக்’ என்று ஓர் ஒலி. இதுவே நான் சொன்ன நாடி.

சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல், சற்றே செவி சாய்க்க வேண்டும். முதலில் சில துடிப்புகள் விரைந்து எழும். பின்னர் மெலிந்து அடங்கும். காபரேற்றரின் மிதவை அறை நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டது என்பது அதன் பொருள். இது நலமுள்ள நாடி. துடிப்பு மிக விரைந்து ஓயாது ஒலித்தும் பெற்றோல் வாராதெனின், தாங்கி வெறுமையாக இருக்கலாம். அன்றேல் தாங்கிக்கும் பம்பிக்கும் இடையே எங்கோ காற்றுப் புகுகிறது. இயந்திரம் ஓடாதிருக்கும்போதே ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தால், சென்ற பெற்றோல் நில்லாமல் எங்கோ வழிகிறது எனக் கொள்ளலாம்: ஊசி வால்விலே தூசி சிக்கியிருக்கலாம், முன்குழாய் விட்டிருக்கலாம், பம்பியின் சொந்த வால்வே இறுகாதிருக்கலாம். துடிப்பு மந்தமாகிப் பம்பி சூடேறினால் சலிப்பானோ குழாயோ அடைபட்டிருத்தல் கூடும். துடிப்பே இல்லையாயின் தொடுமுனை கருகியிருக்கலாம், மின்கம்பி தளர்ந்திருக்கலாம்.

இவற்றுள் இரண்டாவதை எளிதிற் கண்டுகொள்ள முடியாது. கசிவு என்றவுடன் நாம் தரையில் ஈரத்தைத் தேடுகிறோம். ஆனால் பின்னிருந்து முன்வரை நீளும் குழாய் முழுவதும் உறிஞ்சு குழாயாதலால், அதிலுள்ள நுண்துளை ஓடும்போது பெற்றோலை வெளியே விடாது. காற்றையே உள்ளே இழுக்கும். தரை உலர்ந்திருக்கும், வண்டி மட்டும் திணறும். சொட்டாத கசிவும் கசிவே.

ஒருமுறை கல்லடிப் பாலத்தை அணுகும்போது வண்டி நின்றுவிட்டது. உடனிருந்த ஆசிரிய நண்பர் இறங்கிப் பொனற்றைத் திறந்து, திருப்புளிப் பிடியால் பம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். துடிப்பு எழுந்தது, வண்டியும் ஓடிற்று. மறுநாள் எமது மெக்கானிக் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் திருப்புளியின் முனையைப் பம்பியில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டார். வாவி மீனின் பாட்டைக் கேட்கத் துடுப்பை நீரில் ஊன்றிக் காதை வைக்கும் நம்மவர் வழக்கம் நினைவுக்கு வந்தது. “ஐயா, தட்டினா ஓடும், ஆனா தட்டுறது மருந்தில்ல. பொயின்ற் கருகிப் போச்சு. எத்தின நாளைக்குத் தட்டிக் கொண்டு திரியிற?” என்றார். தட்டுதல் ஒட்டியிருந்ததை ஒரு கணம் அசைக்கிறதேயன்றி, கருகலை நீக்குவதில்லை. புதுப் பொயின்ற் இட்ட பின் அத்தொல்லை ஒழிந்தது.

பம்பி பழுதானால் வழியில் நிற்போம், அவ்வளவே. பெற்றோல் கசிந்தாலோ வீடே போகும். ஒரு விடியற்காலை என் மனைவியார் அடுப்படி வாயிலில் நின்றபடியே, “இஞ்ச வந்து பாருங்க, பெற்றோல் மணக்குது. நான் அடுப்பு மூட்ட மாட்டன்” என்றார். வண்டிக் கொட்டிலும் அடுப்படியும் ஒரே தாழ்வாரத்தில் அமைந்தவை. காபரேற்றருக்குச் செல்லும் றபர்க் குழாய் வெடித்திருந்தது. அன்று அடுப்பு மூளாதிருந்ததனால் இன்று இக்கட்டுரை எழுதுகிறேன்.

பெற்றோலின் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிச் சென்று தேங்கும். நமது மாரிகாலக் குளிரென்ன, பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரையிலும் அது பற்றத்தக்க ஆவியை விடும். பத்தடி தொலைவிலுள்ள அடுப்பும் அதற்கு அயலே. மணம் வந்தால் சாவியைத் திருப்பலாகாது. மின்பம்பி உடனே துடித்து மேலும் பெற்றோலை வெளியே தள்ளும். விளக்கின் ஆழியைத் தொடலாகாது. வண்டியைக் கையால் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மணம் கலைந்த பின்னரே பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தீப்பற்றின் நீர் ஊற்றுதல் தீது. பெற்றோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலும் உலர்தூள் தீயணைகருவியும் உதவும்.

தாங்கியிலுள்ள துளையைச் சவர்க்காரத்தால் அடைக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. பெற்றோலிற் சவர்க்காரம் கரையாமையால் அது சிறிது நேரம் நிற்கும். வீடு சேர அது போதும். அதை நம்பி மறுநாளும் ஓடுதல் அறிவுடைமையன்று.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று வரிசையில் நிற்க வலுவில்லாதார் பலரின் வண்டிகள் கொட்டிலிலே கிடந்தன. கிடக்கும் வண்டிக்கு நோய் வாராது என எண்ணுதல் பிழை. வெறுந்தாங்கியில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும்; பெற்றோல் பிசினாகும்; றபர் உலர்ந்து வெடிக்கும்; மென்றகடு விறைக்கும். கடலும் வாவியும் சூழ்ந்த எழுவான்கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும் வேலையை விரைவுபடுத்துகிறது. ஆண்டுக்கொரு முறை குழாயைக் கையால் தடவிப் பார்த்தலும், வெடித்த றபரை மாற்றுதலும், சலிப்பானைக் கழுவுதலும் பெருஞ்செலவல்ல.

காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் இவ்வாவியின் இசைக்குச் செவி கொடுத்தவர், 1947இல் யாழ்நூலை ஈந்தவர், விஞ்ஞானமும் கற்றவர். ஒலியை உற்றறிதல் இசைக்கும் உரியது, அறிவியலுக்கும் உரியது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுமோ? அத்தகைய பெரும்பணி நமக்கு எட்டாதாயினும், காலையில் சாவியைத் திருப்பிப் பத்து நொடி வாய்மூடி இருத்தல் எவர்க்கும் எட்டும். துடிப்பு அடங்கினால் புறப்படுங்கள். அடங்காவிடின் இறங்கிப் பாருங்கள்.