பீரங்கியில் பிறந்த உரம்!

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், பயிர்களால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் இரு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன!

நார்வே விஞ்ஞானி பிர்க்லேண்ட், 1903ல் பலரையும் வரவழைத்து, தன் மின்சார பீரங்கியை இயக்கிக் காட்டினார். பெரிய மின்பொறி ஒன்று வெடித்தது. பாவம், அவமானம்! ஆனால், அப்படிப்பட்ட பொறி, மின்னலைப் போல நைட்ரஜனின் பிடியை விடுவித்து, ஆக்சிஜனோடு சேர்த்துவிடும். பொறியாளர் சாம் எய்டேயுடன் சேர்ந்து, 1905ல் நோட்டோடன் ஊரில் உர ஆலையே தொடங்கிவிட்டார். அருவி தந்த மின்சாரத்தை ஆலை கணக்கில்லாமல் விழுங்கியது. அதனால், பின்னர் வந்த ஹேபர் முறையிடம் தோற்றது. ஹேபர் முறைக்கோ நிலக்கரி, எரிவாயு வேண்டும், புகையும் அதிகம்.

இப்போது ஆய்வுக்கூடங்களில் அந்தப் பொறி, 'பிளாஸ்மா' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. அதைக் காற்றில் பாய்ச்சி, கிடைப்பதை நீரில் கரைத்து, அந்த நீரில் மின்சாரம் செலுத்தினால் அம்மோனியா தயார். மின்சாரச் செலவுதான் இன்னும் இடிக்கிறது!