தப்பொலியும் தேயிலைக் கறையும்

அட்டனிலிருந்து நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பச்சை. அதன் நடுவே கூடை சுமந்த பெண். 1890-இல் தாமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய பிறகு வந்த விளம்பரப் படங்களும் அவளைத்தான் காட்டின. அவள் பெரட்டு எனும் காலை ஆளெடுப்புக்கு எப்போது எழுந்தாள், காம்பரா எனும் ஒற்றை அறையில் பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாள் என்பது அந்தப் படங்களில் இல்லை.

அதைச் சொன்னது எழுத்து. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களான மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1954-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பால-ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். தப்புப் பறையின் ஒலியில் விடியும் அந்தக் கவிதை, தேயிலைத் தூருக்கடியில் புதைந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல்கூட இல்லையே என்று கலங்குகிறது. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் நம்மைத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குள்ளேயே கூட்டிப்போனார். ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்கும் தாய் தகப்பனின் கூச்சத்தை அவருடைய 'மீன்கள்' கதை போல் சொன்ன எழுத்து குறைவு.

உழைப்பவரை ஓவியமும் இப்படி அருகிலிருந்து காட்டியதுண்டு. பிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் 1565-இல் ஓர் அறுவடைக் காட்சி தீட்டினார். அதில் ஒருவன் மரத்தடியில் கால் பரப்பித் தூங்குகிறான், சிலர் சாப்பிடுகிறார்கள். உழைப்பவருக்கு அலுப்பும் பசியும் உண்டு என்று அந்தப் படம் மதித்துச் சொல்கிறது. பின்னர் 1928-இல் பிளெமிய எழுத்தாளர் பெலிக்ஸ் டிம்மர்மன்ஸ் அந்த ஓவியரையே நாயகனாக்கி நாவல் எழுதினார்.

அங்கே தூரிகை முந்தியது. மலையகத்தில் சொல் முந்தியது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் காசு வேண்டாம். அந்த வாய்மொழிப் பாடல்களையும் வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். வண்ணமும் சட்டமும் வாங்க நாட்கூலியில் என்ன மிஞ்சும்? வாங்கினாலும் காம்பராவில் எங்கே வைப்பது?

இன்று தூரிகையும் வந்து சேர்ந்திருக்கிறது. மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வண்ணமாக்கி, தேநீர் வடிகட்டியையும் கலைப்பொருளாக்குகிறார். கொழுந்து பறிப்பவரின் விரலிலிருந்து எளிதில் போகாத கறை அது. வேலுப்பிள்ளை கேட்ட நினைவுக்கல்லை இந்தக் கறையில் காண்கிறேன். இந்த எழுத்தும் ஓவியமும் தோட்டப் பள்ளிச் சுவர்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவின் கூடையை விளம்பரத்தில் பார்த்த பிள்ளை, அம்மாவையும் பார்க்கட்டும்.