உஷார்! வீடு திரும்பிய நோயாளிக்கு ஒரு கால் மட்டும் வீங்குகிறதா? தேய்க்காதீர்கள்!

பெரிய நோயிலிருந்து மீண்டு வந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? கையிலிருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

எங்கள் சித்திக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். கண்டம் தாண்டியாயிற்று என்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தோம். காலைத் தரையில் ஊன்ற விடாமல் தாங்கினோம். வயிற்றில் தினமும் போடச் சொல்லியிருந்த ஊசியை, "நல்லாத்தானே இருக்காங்க, எதுக்குக் குத்திக்கிட்டு?" என்று வீடு வந்த நாலாம் நாளே நிறுத்திவிட்டோம்.

வீடு வந்த பத்தாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி என்றார். மறுநாள் அந்தக் கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. "படுத்தே கெடக்கறதுல நீர் கோத்திருக்கும்" என்று முடிவு கட்டி, தைலத்தைச் சூடாக்கித் தேய்த்து நீவிவிட்டோம். நானும்தான் நீவினேன். அதற்கு அடுத்த நாள் காலை, பாத்ரூம் போய்விட்டு வந்தவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுடி" என்றார். 108-ஐ அழைத்து ஓடினோம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைத்திருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டியது. சித்தி பிழைத்துக்கொண்டார். நீவிவிட்ட அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

இது எப்படி நடக்கிறது? காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி அதைத் தள்ளிவிடுகிறது. படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்குகிறது. ஆபரேஷனில் ரத்தக்குழாய்ச் சுவர் அடிபடலாம். புற்றுநோயோ கடுமையான தொற்றோ இருந்தால் ரத்தம் எளிதில் உறையும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் பயணம் போவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்க்கோ. அவர் பிறந்த அக்டோபர் 13-தான் உலக ரத்த உறைவு நாள். மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் இந்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை. டிஸ்சார்ஜுக்குப் பின் சுமார் 90 நாட்கள் வரை கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

உடனே கவனிக்க வேண்டியவை:

* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு. இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.
* திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், படபடப்பு, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் 108தான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காலில் எதுவுமே தெரியாமலும் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். 2017-ல் சிசேரியன் முடிந்த மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சுத் திணறியது. 2011-லேயே இதே கண்டத்தைத் தாண்டியவர் என்பதால், சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். முதலில் எடுத்த கால் ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிறகு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. ஆகவே நோயாளி "என்னவோ போல இருக்கு" என்றால், பலவீனம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததை, புற்றுநோய் இருப்பதை, படுக்கையில் இருந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை: வீங்கிய காலைத் தேய்ப்பது, நீவுவது, அழுத்திப் பிடித்துவிடுவது. கட்டி பிய்ந்து கிளம்பிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஊசியையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்றுப் பகுதியில் பெரிய புற்றுநோய் ஆபரேஷன் என்றால் அந்த ஊசி நான்கு வாரம் வரைகூடத் தேவைப்படும். கட்டி வந்துவிட்டால் மருந்து குறைந்தது மூன்று மாதம். அந்த மருந்து எடுக்கும் காலத்தில் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது, ரத்தக்கசிவு வரலாம்.

செய்ய வேண்டியது எளிது. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து கைத்தாங்கலாகவாவது நடக்க வையுங்கள். எழ முடியாதவர் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "ரத்தம் உறையாமலிருக்க என்ன மருந்து, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

காலை ஊன்ற விடாமல் தாங்கியதும் தைலம் தேய்த்ததும் நாங்கள் பாசத்தில் செய்தவைதான். அந்தப் பாசமே சித்தியை எமன் வாசல்வரை கொண்டுபோனது. இன்று ராத்திரி உங்கள் வீட்டு நோயாளியின் போர்வையை விலக்கி, இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பருத்திருந்தால், தைலப் பாட்டிலைத் தொடாமல் வண்டியை எடுங்கள்.