ஒப்பிட ஒரு சங்கம் எதற்கு?

நம்மிடம் ஒப்பிலக்கியம்னா பெரும்பாலும் கம்பனை மில்டன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பதுதான். இது வாசிப்பு அல்ல, பெருமிதத்தின் சொல்லாடல். க. கைலாசபதி விலகி நின்றார். 1968-இல் வெளிவந்த ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரப்பாடல்களோடு வைத்தபோது, யார் பெரியவர் என்றல்ல, எப்படிப்பட்ட சமூகம் இப்படிப் பாடும் என்றே கேட்டார்.

இந்தக் கேள்வியைத் தனியாளாக எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? ஒருத்தருக்கு எத்தனை மொழி தெரியும்? சங்கம் தேவைப்படுவது இங்கேதான். 1956-இல் ஜாதவ்பூரில் புத்ததேவ போஸ் தனித்துறையே தொடங்கிவிட்டார். ஆனால் இரண்டு அமைப்புகள் இணைந்து இந்திய ஒப்பிலக்கியச் சங்கம் உருவாக 1987 ஆயிற்று. தன் மொழி தெரியாதவர்கள் முன்னால் தன் பிரதியைப் பற்றிப் பேசவைப்பதுதான் இப்படியொரு சங்கத்தின் பயன். அங்கே போய் 'உலகிலேயே முதன்முதலாக' என்று ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக் கன்னடக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

ஆனால் அங்கும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்புகளிலோ தெலுங்கும் தமிழும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு ஹோமர் தெரியும், குரஜாட அப்பாராவ் தெரியாது. பால்ய விவாகத்தைக் 'கன்யாசுல்கம்' 1892-இல் மேடையில் கேலி செய்தது. அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903) அதையே ஒரு பெண்ணின் சுயசரிதையாகச் சொன்னது. ஒன்று சிரிப்பு, மற்றது வாக்குமூலம். ஏன் இப்படி? இதை இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பேசுவதற்கு ஆவடியில் ஒரு வாசகசாலை போதும், விமான டிக்கெட் வேண்டாம்.